ஹவுஸ் ஓனர் செய்யக் கூடாதவை

“வீட்டுக்காரின்னா எப்படிடி பேசுவா?” என்று பட்டம்மாள் சித்தி ஒரு நாள் என்னைக் கேட்டாள்.

நாங்கள் அப்போது காய்ந்த நெத்திலியில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தோம். எனக்குச் சட்டென்று பதில் வராது. பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். எழுப்பிக் கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தால் ஒழுங்காக வரும்.

சித்தியும் காத்திருக்கவில்லை. “ஏன் கேக்கறேன்னா, நான் இப்ப வீட்டுக்காரி” என்றாள்.

சிதம்பரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் அவள் வீடு வாங்கியிருந்தாள். ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை, பின்னால் துணி துவைக்கிற கல். இருபத்திரண்டு வருஷம் கருவாடு விற்றுச் சேர்த்தது. கடலூர் முதுநகரிலேயே வாங்க நினைத்திருந்தால் வாசற்படி மட்டும் கிடைத்திருக்கும் என்பாள். பத்திரம் முடித்துவிட்டு வந்த அன்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் சொன்னாள். அதையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள்.

“நடனசபாபதி காதுக்குப் போச்சின்னா நான் தொலைஞ்சேன். சொந்த வீடு இருக்குதே, அங்க போய் இருன்னு அனுப்பிடுவாரு.”

நடனசபாபதி சித்தியின் ஹவுஸ் ஓனர். நெல்லிக்குப்பத்தில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி இல்லை, மகன் பெங்களூரில். வீட்டின் முன்பக்கம் அவர், பின்பக்கம் சித்தி. முதுநகரில் கருவாட்டுக்காரிக்கு யாரும் வீடு தர மாட்டார்கள். நாற்றம் என்பார்கள். நடனசபாபதிக்கு மட்டும் நாற்றம் தெரியாது. மூக்கில் சதை வளர்ந்து ஆபரேஷன் செய்ததிலிருந்து அவருக்கு மல்லிகைப்பூவும் சாக்கடையும் ஒன்றுதான். வாசனை போனதோடு ருசியும் போய்விட்டது. உப்பு மட்டும்தான் நாக்கில் தெரியுமாம். அதனால் அவருக்குப் பிடித்த சாப்பாடு ஒன்றே ஒன்று: கருவாடு. சித்தி வாரா வாரம் சனிக்கிழமை ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவாள்.

போதாததற்கு, பின்னால் இருக்கும் காலி மனையும் அவருடையது. அங்கேதான் வலையை விரித்து மீன் காயப்போடுவாள். துறைமுகம் கூப்பிடு தூரம். இந்த இடத்தை விட்டால் சித்திக்குத் தொழிலே இல்லை. சிதம்பரம் வீட்டை வாடகைக்கு விட வேண்டும், முதுநகர் வீட்டில் வாடகைக்கு இருக்க வேண்டும், இது அவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் அவள் திட்டம்.

“உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்குமே. நீயே அக்ரிமெண்ட் எழுது” என்றாள்.

எனக்குப் பத்தொன்பது வயது, பகலெல்லாம் சித்திக்குத் தொழிலில் ஒத்தாசை. நான் அதுவரை அக்ரிமெண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. சித்தியும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நடனசபாபதி அவளுக்கு எழுதி ஒன்றும் கொடுத்ததில்லை. போனில் தேடி நாலு மாதிரி எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. வாடகைதாரர் ஆணி அடிக்கக் கூடாது, மேல்வாடகைக்கு விடக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு தரக் கூடாது.

சித்தி கவனமாகக் கேட்டாள். “எல்லாம் குடியிருக்கறவங்களுக்கே சொல்லுதே. வீட்டுக்காரங்க என்னா செய்யக் கூடாதுன்னு எங்க இருக்குது?”

“அப்படி ஒண்ணும் இல்ல சித்தி.”

“அப்ப இது ஹவுஸ் ஓனருங்க எழுதுனது. நம்ம வேற மாதிரி எழுதலாம். எனக்கு என்னென்னா செஞ்சாங்களோ அதெல்லாம் நான் செய்யக் கூடாது. எழுது.”

என் நீள நோட்டிலிருந்து நடுத்தாளைப் பிரித்தெடுத்தேன். தலைப்பு போட்டு, “காலஞ்சென்ற கலியமூர்த்தி மனைவி பட்டம்மாள் ஆகிய நான்” என்று ஆரம்பித்துப் படித்துக் காட்டினேன்.

“வீடு வாங்கினது நானு. அவரு எதுக்கு முன்னால வர்றாரு?”

“அப்படித்தான் எழுதறாங்க.”

“வரட்டும். சின்ன எழுத்துல எழுது.”

அதற்கப்புறம் அவள் நிறுத்தவேயில்லை. நெத்திலி பொறுக்கியபடியே சொல்லிக்கொண்டு போனாள். நான் அவள் பேச்சை எழுத்து பாஷைக்கு மாற்றி எழுதினேன். ஒன்று: உரிமையாளர் கதவைத் தட்டி, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகே நுழைய வேண்டும். இரண்டு: காலையும் மாலையும் ஒரு மணி நேரம் மோட்டார் போட வேண்டும், குளித்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தக் கூடாது. மூன்று: வாடகைதாரர் வேண்டிய இடத்தில் ஆணி அடித்துக்கொள்ளலாம். நான்கு: மீன், கறி, கருவாடு எதுவும் சமைக்கலாம். ஐந்து: வாடகைதாரருக்கு விருந்தாளி வந்தால், வாசலில் கிடக்கும் செருப்புகளை உரிமையாளர் எண்ணக் கூடாது.

“செருப்பையா சித்தி?”

“எண்ணுவாரு. எங்க பெரியக்கா வூட்டு ஆளுங்க வந்தா போதும், வாசலுக்கு வந்து செருப்பத்தான் மொதல்ல பாப்பாரு. தண்ணி ஜாஸ்தி செலவாவுமாம்.”

இப்படியே பதினான்கு வந்தது. பதினான்காவது: வாடகைதாரர் விரும்பும் வரை குடியிருக்கலாம். முழுவதையும் ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இப்படி ஒரு வீடு எனக்குக் கெடச்சிருந்தா நான் இன்னும் ரெண்டு கிலோ சதை போட்டிருப்பேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் சிதம்பரம் போனோம். சித்தி நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். இருந்தாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஆலப்பாக்கம் வருவதற்குள் எழுந்து முன்னால் போய்விட்டாள். சித்தி காலை நீட்டிக்கொண்டாள். “எனக்கு எப்பவும் மூணு பேரு சீட்டுதான்” என்றாள்.

வீடு பார்க்க வந்தவர்கள் அரவிந்தனும் ப்ரீத்தியும். கல்யாணமாகி ஐந்து மாதம். அவன் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறான். அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. வாடகையும் அட்வான்ஸும் நின்றபடியே பேசி முடிந்தது. சித்தி பெருமையாக என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன்.

ப்ரீத்தி விடைத்தாள் திருத்துவது போல விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது. புருஷனிடம் நீட்டினாள். அவனும் படித்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க” என்றாள் ப்ரீத்தி. “இந்த வீட்ல ஏதாச்சும் பிரச்சின இருக்குதா?”

“என்னாம்மா பிரச்சின?”

“கேஸ் கீஸ் நடக்குதா? இல்ல யாராச்சும் உள்ள...” மேலே ஃபேன் மாட்டும் கொக்கியைப் பார்த்தாள்.

“சேச்சே. போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சேன்.”

“இல்ல, எங்களுக்கு ஒரு கண்டிஷனும் போடாம, எல்லாக் கண்டிஷனையும் உங்களுக்கே போட்டுக்கினு இருக்கீங்களே. நாங்க ஏழு வீடு பாத்துட்டு வர்றோம். யாரும் இப்படிப் பேசல. அதான் பயமா இருக்குது.”

சித்தி விழித்தாள். நல்லது செய்யப் போய் சந்தேகத்தில் மாட்டிக்கொண்டாள். நானும் சுவரோடு சுவராக நின்றேன். அரவிந்தன் பேச்சை மாற்றுவதற்காக ஹால் சுவரில் கையை வைத்து, “இங்க டிவி மாட்டிக்கலாமா ஆன்ட்டி? ஒரு நாலு ஓட்டை போடணும்” என்றான்.

இளம்பச்சைச் சுவர். சித்தியே கலர் தேர்ந்தெடுத்து, பெயிண்ட் அடிப்பவர் பக்கத்திலேயே நின்று அடிக்க வைத்தது. அவன் கை வைத்த இடத்தையே பார்த்தாள்.

“நாலா?” என்றாள்.

“ட்ரில் போட்டா நீட்டா இருக்கும்.”

“டிவிய ஸ்டூலு மேல வெச்சா தெரியாதா?”

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பின்பக்கக் கல்லில் மிளகாய் இடிக்கக் கூடாது. ஜன்னல் கம்பியில் ஈரத்துணி போடக் கூடாது, துருப்பிடிக்கும். ஊரிலிருந்து ஆட்கள் வருவார்களா, வந்தால் எத்தனை பேர் வருவார்கள். ப்ரீத்தியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. இப்போதுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது போலிருந்தது.

“இதெல்லாம் சேத்து ஒழுங்கா எழுதிக்கினு வாங்க ஆன்ட்டி. அடுத்த வெள்ளிக்கெழம கையெழுத்து போட்டுடலாம்” என்றாள்.

திரும்பும் பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது. சித்தி மெதுவாக, “நான் கேட்டேன்ல, வீட்டுக்காரி எப்படிப் பேசுவான்னு” என்றாள்.

“ஆமா.”

“தானா வருதுடி.”

இடையில் ஓரிடத்தில் பாலம் கட்டும் வேலை. பஸ் நின்று நின்று போனது. முதுநகர் வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை புதிதாக எழுத உட்கார்ந்தேன். பழைய தாளைப் பார்த்து எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று சித்தியிடம் கேட்க வேண்டும். பையில் இல்லை. சித்தி வீட்டு அலமாரியில் பார்த்தேன். “எந்தத் தாளு? பஸ் டிக்கெட்டோட இருந்துச்சே, அதா? அது ஆகாத தாளுன்னு பேப்பர் கட்டுல போட்டுட்டேனே” என்றாள்.

பேப்பர் கட்டு என்பது பொட்டலம் கட்டுவதற்காகச் சித்தி வாங்கி வைத்திருக்கும் பழைய செய்தித்தாள். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

“நேத்து எத்தன பொட்டலம் கட்டுனீங்க?”

“நேத்து யாவாரத்துக்கே போவலியே. ஒரே ஒரு பொட்டலந்தான்...” என்று ஆரம்பித்தவள் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமைப் பொட்டலம். அரைக் கிலோ நெத்திலி. பதினான்கு நிபந்தனைகளும் அதைச் சுற்றிக்கொண்டு நடனசபாபதி வீட்டுக்குப் போயிருந்தன. சித்தியின் பெயர், சிதம்பரம் வீட்டு விலாசம், மோட்டார், செருப்பு எல்லாம் சேர்ந்து.

“அவரு படிக்க மாட்டாரு சித்தி” என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. பேப்பர் எது கிடைத்தாலும் தேதி பார்க்காமல் படிக்கிறவர் அவர்.

திங்கட்கிழமை முழுவதும் முன்பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. மோட்டார் மட்டும் ஓடியது. காலையில் சரியாக ஒரு மணி நேரம். மாலையில் சரியாக ஒரு மணி நேரம்.

“படிச்சிட்டாரு” என்றாள் சித்தி.

செவ்வாய்க்கிழமை காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்துதான் இருந்தது. நடனசபாபதி வெளியே நின்றிருந்தார்.

“வரலாமா?”

“வாங்க சார். என்னா புதுசா கதவத் தட்டிக்கினு.”

“மொத நிபந்தனையே அதான.”

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். எண்ணெய்க் கறை நடுவில் பெரிதாகப் பரவியிருந்தது. அதைச் சுற்றி, ஓரமெல்லாம், வரிக்கு வரி சிவப்பு மை. என் எழுத்தைவிட அவர் எழுத்து அதிகமாக இருந்தது.

“எழுதுனது யாரு?”

நான் சாக்கு மூட்டைக்குப் பின்னால் நகர்ந்தேன்.

“நீயா? கையெழுத்து நல்லா இருக்கு. விஷயம் படு மோசம். விரும்பும் வரை குடியிருக்கலாம்னு போட்டா, வீட்டத் தூக்கிக் குடுத்துட்ட மாதிரிதான். பதினோரு மாசம்னு போடணும். கரண்ட் பில்லு யாரு கட்றதுன்னு இல்ல. வீட்டுக்கு நாலு பக்கமும் என்னா இருக்குன்னு இல்ல. காலி பண்ணச் சொல்லணும்னா எத்தன நாளுக்கு முன்ன சொல்லணும், அதுவும் இல்ல. செருப்பு மட்டும் இருக்குது.” சித்தியின் பக்கம் திரும்பினார். “நான் எப்ப செருப்ப எண்ணுனேன்?”

“போன பொங்கலுக்கு. எட்டு ஜோடி கெடக்குதேன்னு கேட்டீங்க.”

“ஒம்பது” என்றார்.

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சாக்கின் மேல் வைத்தார்.

“சரி. உனக்கு இப்ப வீடு இருக்கு. தீபாவளிக்குள்ள இத காலி பண்ணிடு.”

“சார், அங்க போயி நான் என்னா பண்றது? கடலு இங்க இருக்குது.”

“வீடு இருக்கறவங்க எதுக்கு வாடகைக்கு இருக்கணும்?”

“கோவத்துல பேசாதீங்க. செருப்பு, மோட்டாரெல்லாம் ஏதோ வாயில வந்தத சொன்னேன். இந்தப் பொண்ணு அப்படியே எழுதிட்டா.”

“அதுக்கெல்லாம் எனக்குக் கோவம் இல்ல. இருபத்திரண்டு வருஷம் ஒரு பேப்பர் இல்லாம இருந்தோம். நீயும் கேக்கல, நானும் கேக்கல. வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் பூட்டிக்கினு போனீங்க. எங்கன்னு சொல்லல. வீடு வாங்குனத நான் கருவாடு சுத்துன பேப்பர்ல படிச்சித் தெரிஞ்சிக்கணுமா?”

சித்தி நிதானமாகச் சொன்னாள். “சொல்லியிருந்தா அன்னிக்கே காலி பண்ணச் சொல்லியிருப்பீங்க. இப்ப சொல்றீங்களே, அந்த மாதிரி. கையில ஒரு பேப்பர் இருந்திருந்தா நான் பயப்படாம சொல்லியிருப்பேன் சார்.”

அவர் “தீபாவளி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியத்திலிருந்து சித்தி வீடு தேட ஆரம்பித்தாள். துறைமுகத்தைச் சுற்றி ஐந்து தெரு. ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு மோர்கூடக் கொடுத்தார்கள். என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், இப்போதுதான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் அவளைப் பார்த்ததுமே ஊதுவத்தி ஏற்றினார்கள். புதன்கிழமை சாயங்காலம் வந்து காலைத் தேய்த்துக்கொண்டு, “மூக்கு செத்த ஓனரு இந்த ஊர்லயே ஒருத்தருதாண்டி” என்றாள்.

நான் அதற்குள் சிவப்பு மையைப் படித்து முடித்திருந்தேன். கோபத்தில் எழுதியது போலவே இல்லை. ‘இங்கு தேதி’, ‘இங்கு மின் இணைப்பு எண்’, ‘இது உனக்கே பாதகம், எடுத்துவிடு’, ‘இரு மாத முன்னறிவிப்பு - இரு தரப்புக்கும்’. ஓர் இடத்தில் மட்டும், மோட்டார் பற்றிய நிபந்தனைக்குப் பக்கத்தில், ‘சரிதான்’ என்று இருந்தது. செருப்பு நிபந்தனையை அவர் தொடவேயில்லை. அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

அவர் திருத்தியபடியே புதிய அக்ரிமெண்டை எழுதினேன். ஆணி பற்றிச் சித்தியிடம் கேட்டேன். “டிவிக்கு நாலு, சாமி படத்துக்கு ஒண்ணு. மேல போனா கேக்கணும்” என்றாள். கதவைத் தட்டுவதும் மோட்டாரும் இருக்க வேண்டும் என்றாள். “அத மட்டும் எடுக்காத. நானே மாறிட்டாலும் பேப்பர்ல இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை மறுபடி சிதம்பரம். இந்த முறை போகும்போது சித்தி முன்பக்கக் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. சொல்லலாமா என்று யோசித்தது போலிருந்தது. சொல்லாமலே நடந்தாள்.

கீழவீதியில் ஒரு கடையில் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கினோம். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு நோட்டில் பெயர் எழுதினார். பணம் கொடுத்தாயிற்று. நான் நகரவில்லை.

“இன்னும் ஒண்ணு” என்றேன்.

சித்தி திரும்பிப் பார்த்தாள். “இன்னொண்ணு எதுக்குடி?”

“யாரு பேர்ல?” என்றார் கடைக்காரர்.

“பட்டம்மாள்” என்றேன். அன்று முழுவதும் வெளியாட்களிடம் நான் பேசியது அவ்வளவுதான்.

ப்ரீத்தி புதிய அக்ரிமெண்டை இரண்டு தடவை படித்தாள். “இதான் ஆன்ட்டி அக்ரிமெண்ட் மாதிரி இருக்குது. யாரு எழுதுனது, வக்கீலா?” என்றாள்.

“எங்க ஹவுஸ் ஓனர்” என்றாள் சித்தி.

“உங்களுக்கு ஹவுஸ் ஓனரா?”

“அது பெரிய கத. நீ கையெழுத்து போடும்மா.”

அவர்கள் இருவரும் போட்டார்கள். சித்தி போட்டாள். சாட்சிக்கு நான் ஒன்று, எதிர்வீட்டு டெய்லர் வைத்திலிங்கம் ஒன்று. சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த சித்தி, ஏதோ மறந்துவிட்டதென்று உள்ளே போகத் திரும்பினாள். வாசலில் நின்று, கையைத் தூக்கி, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள். “வாங்க ஆன்ட்டி” என்று குரல் வந்த பிறகுதான் உள்ளே போனாள். குடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது ஸ்டாம்ப் பேப்பரில் சனிக்கிழமை மதியம் எழுதினேன். உரிமையாளர்: நடனசபாபதி. வாடகைதாரர்: பட்டம்மாள். அதே நிபந்தனைகள்தான். பெயர்களை மட்டும் இடம் மாற்றி, காலி மனையில் மீன் உலர்த்திக்கொள்ளலாம் என்பதைச் சேர்த்தேன். பதினோரு மாதம், அதன்பின் இரு தரப்பும் விரும்பினால் நீட்டிக்கலாம். மொத்தம் பதினொன்று வந்தது. கொண்டுபோய்ச் சித்தியிடம் நீட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நானே படித்துக் காட்டினேன்.

“இத அவருகிட்ட யாரு குடுக்கறது?”

நான் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“கிழிச்சி மூஞ்சில போட்டாருன்னா?”

சித்தி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரை மட்டும் விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். “வாடகைதாரர்னு மரியாதையா ‘ர்’ போட்டுத்தான் எழுதியிருக்க” என்றாள். பிறகு எழுந்து புடவையை உதறினாள். “போயி சித்தி கூப்பிடறாங்கன்னு சொல்லிட்டு வா. என்னிக்கோ ஒரு நாளு கேட்டுத்தான ஆவணும்.”

நடனசபாபதி வந்தார். தட்டினார். சித்தி பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடுவில் போட்டாள். அவர் உட்கார்ந்ததும் தாளை மடியில் வைத்தாள்.

“படிங்க சார். புடிச்சா கையெழுத்து போடுங்க. புடிக்கலன்னா தீபாவளி வரைக்கும் காத்திருக்க வாணாம், நாளைக்கே சாமானக் கட்றேன். ஆனா ஒண்ணு, எதுவா இருந்தாலும் இன்னிக்குத் தெரிஞ்சிடணும்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வெளியே வலையின் மேல் காக்கை வந்து உட்காரும் சத்தம் கேட்டது. வழக்கமாக ஓடிப்போய் விரட்டும் சித்தி நகரவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, “கெழக்க காலி மனைன்னு போட்டிருக்க. அது மேற்கு” என்றார் என்னைப் பார்த்து. பையிலிருந்து பேனாவை எடுத்தார். இந்த முறை நீலம். திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். சித்தி மூச்சை விட்டாள். அவர் மறுபடி படிக்க ஆரம்பித்ததும் மறுபடி பிடித்துக்கொண்டாள்.

“செருப்ப இதுலயும் போட்டிருக்கியா?”

“அவதான் போட்டா” என்றாள் சித்தி.

“நீங்க அடிக்கலியே சார்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கடைசி வரி வரை போனார். பேனாவை மூடவில்லை. பிறகு தாளை முழங்காலில் சரியாக வைத்து, பதினொன்றாவது நிபந்தனைக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி நெருக்கி ஏதோ எழுதினார். எழுதி முடித்து, உரிமையாளர் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். தாளை என்னிடம் நீட்டினார்.

“என்னாடி எழுதியிருக்காரு? படி” என்றாள் சித்தி.

“பன்னிரண்டு. வாடகைதாரர் வெளியூர் போகும்போது, எப்போது திரும்புவார் என்பதை உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.”

“நான் என்னா காணாமப் போற புள்ளையா?” என்றாள் சித்தி. ஆனால் கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயரையும் எழுதினாள். “போட்டுட்டேன் சார்” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் வாங்கிப் பைக்குள் வைத்தார். எழுந்து, நாற்காலியைத் தூக்கி அது இருந்த சுவரோரத்திலேயே கொண்டுபோய் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். சித்தியையும் என்னையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து வாசலைத் தாண்டி முன்பக்கம் போனார்.